டயர் தேய்கிறது, மீன் சாகிறது

அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் லாங்ஃபெல்லோ என்றொரு ஓடை இருக்கிறது. வீடுகளுக்கும் சாலைகளுக்கும் நடுவே நெளிந்து வந்து, கடலை நெருங்கும் இடத்தில் பூமிக்கடியில் ஒரு நீண்ட குழாய்க்குள் புகுந்து வெளியேறும் நகரத்து ஓடை. 1990களில் அதைச் சீரமைக்க நகர நிர்வாகம் பணத்தை வாரி இறைத்தது. சரளைக்கற்களைக் கொட்டினார்கள். மரக்கட்டைகளைக் குறுக்கே கிடத்தி, மீன் ஒதுங்குவதற்கு மடுக்களை உண்டாக்கினார்கள். கரையில் அந்த மண்ணுக்குரிய மரங்களை நட்டார்கள். இதையெல்லாம் செய்தால் சால்மன் திரும்பி வரும் என்றார்கள்.

வந்தது. கோஹோ என்னும் சால்மன் இனம், இலையுதிர்கால மழையோடு கடலிலிருந்து ஏறி வந்தது. வந்த சில மணி நேரத்தில் செத்தும் போனது.

சால்மன் சாவது புதிதல்ல. கோஹோ ஓடையில் பொரித்து, ஓராண்டுக்கு மேல் அங்கேயே வளர்ந்து, கடலுக்குப் போய்ப் பருத்து, ஏறக்குறைய மூன்று வயதில் பிறந்த நீருக்கே திரும்புகிறது. சரளையைக் குடைந்து முட்டையிடுகிறது. பிறகு சாகிறது. அந்தச் சாவு காட்டுக்கு உரம். கரடியும் கழுகும் இழுத்துப்போட்ட சால்மன் உடல்களிலிருந்து கடலின் நைட்ரஜன் மரங்களுக்குப் போகிறது. தென்கிழக்கு அலாஸ்காவில் முட்டையிடும் ஓடைகளின் கரையோர மர இலைகளில் இருக்கும் நைட்ரஜனில் ஏறத்தாழ கால் பங்கு இப்படி வந்தது என்று 2001இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆனால் லாங்ஃபெல்லோவில் நடந்தது வேறு. மீன்கள் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைப் பிளந்து தத்தளித்தன. துடுப்பை விறைத்துக்கொண்டு பக்கவாட்டில் சாய்ந்து சுழன்றன. செத்த பெண் மீனின் வயிற்றைக் கீறிப் பார்த்தால் முட்டைகள் ஒன்று குறையாமல் உள்ளேயே இருந்தன. கடல் முழுக்கச் சுற்றிவிட்டு வந்த பயணம், வந்து சேர்ந்த இடத்தில் பலனின்றி முடிந்திருந்தது.

அமெரிக்க அரசின் மீன்வள விஞ்ஞானி நாதனியேல் ஷோல்ஸும் அவருடைய குழுவினரும் 2002 முதல் 2009 வரை ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் சியாட்டில் ஓடைகளில் இறங்கி நடந்து, செத்த மீன்களைக் கணக்கெடுத்தார்கள். நகரத்து ஓடைகளுக்கு வந்த கோஹோவில் பாதிக்கும் மேல் முட்டையிடாமலே செத்தது. நகரம் எட்டாத காட்டோடையில் இந்தச் சாவு இல்லை. நோயா என்று பார்த்தார்கள், இல்லை. ஆக்சிஜன் குறைவா, இல்லை. நீர்ச் சூடா, பூச்சிமருந்தா, அவையும் இல்லை. எல்லாம் சோதித்த பிறகு எஞ்சியது ஒன்றுதான்: சாலைகள் மிகுந்த இடத்தில் சாவும் மிகுதி.

இங்கேதான் இந்த ஆராய்ச்சியின் அழகு தொடங்குகிறது. சாலையில் என்ன இருக்கிறது? செம்பு, துத்தநாகம், எண்ணெய்க் கழிவு. இவற்றையெல்லாம் கலந்து செயற்கையாக ஒரு சாலைநீர் தயாரித்து அதில் கோஹோவை விட்டார்கள். மீன் சாகவில்லை. சியாட்டிலின் நெடுஞ்சாலை ஒன்றிலிருந்து உண்மையான மழைநீரைப் பிடித்துவந்து விட்டபோது சில மணி நேரத்தில் செத்தது. அதே நீரை மணலும் மட்கிய உரமும் நிரப்பிய தொட்டி வழியே வடித்து விட்டபோது ஒரு மீனும் சாகவில்லை. 2016இல் இந்த முடிவுகள் வெளிவந்தன. ஆக, கொலையாளி யாரென்று தெரியாத நிலையிலேயே அதை எப்படித் தடுப்பது என்று தெரிந்துவிட்டது. கொஞ்சம் மண் போதும்.

இன்னொரு விந்தையையும் பார்த்தார்கள். கோஹோ செத்த அதே நீரில் அதன் நெருங்கிய உறவான சம் சால்மன் எந்தக் குறையும் இல்லாமல் நீந்திக்கொண்டிருந்தது.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டகோமா வளாகத்தைச் சேர்ந்த வேதியியலாளர்களும், வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜெனிஃபர் மெக்கின்டயர் போன்ற மீன் ஆய்வாளர்களும் சேர்ந்து, மீன் சாகும் நீர்களில் பொதுவாக இருக்கும் வேதிப்பொருள்களின் தடத்தைப் பிடித்தார்கள். அந்தத் தடம் டயரிடம் கொண்டுபோய் விட்டது. டயரைச் சீவி நீரில் ஊறவைத்தால் மீன் செத்தது. ஆனால் அந்த நீரில் இருந்தவை இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வேதிப்பொருள்கள். அதைப் பங்கு பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கிலும் மீனை விட்டு, சாகாத பங்கைத் தள்ளி, சாகிற பங்கை மறுபடி பிரித்து, கடைசியில் ஒரே ஒரு பொருளுக்கு வந்து நின்றார்கள். 18 கார்பன், 22 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 2 ஆக்சிஜன். டயரில் சேர்க்கும் பொருள்களின் எந்தப் பட்டியலிலும் அது இல்லை.

பட்டியலில் இல்லாததற்குக் காரணம், அதை யாரும் சேர்க்கவில்லை என்பதுதான். ஜென்யூ தியான் என்ற ஆய்வாளர் சூத்திரத்தை வேறுவிதமாகப் பார்த்தார். டயர் வெடித்துக் கீறாமல் இருக்க ‘6பிபிடி’ என்ற பொருளைச் சேர்ப்பார்கள். அதற்கும் 18 கார்பன்தான், 2 நைட்ரஜன்தான். ஹைட்ரஜன் மட்டும் 24, ஆக்சிஜன் கிடையாது. காற்றிலுள்ள ஓசோன் ரப்பரை அரிக்காமல், அந்த ஓசோனோடு தானே முந்திக்கொண்டு வினைபுரிவதுதான் இந்தப் பொருளின் வேலை. வினை முடிந்ததும் இரண்டு ஹைட்ரஜன் போய் இரண்டு ஆக்சிஜன் வந்து ஒட்டுகிறது. பிறப்பது 6பிபிடி-குயினோன். 2020 டிசம்பரில் ‘சயின்ஸ்’ இதழ் இதை வெளியிட்டது. செத்த மீன்களை முதலில் கவனித்ததிலிருந்து இருபது ஆண்டுகள் ஓடியிருந்தன.

ஒரு லிட்டர் நீரில் இந்தக் குயினோன் 95 நானோகிராம் இருந்தால் கோஹோ குஞ்சுகளில் பாதி செத்துவிடும் என்று அடுத்தடுத்த சோதனைகள் காட்டின. ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் லாரிகளை எண்ணூறுக்கு மேல் வரிசையாக நிறுத்தி, அத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு கிராம் கலந்தால் இந்த அளவு வந்துவிடும். டயரின் எடையிலோ ஒன்றிரண்டு விழுக்காடு 6பிபிடிதான். உலகில் ஓடும் ஏறக்குறைய எல்லா டயர்களிலும் அது உண்டு; அரை நூற்றாண்டுக்கு மேலாக உண்டு.

அரை நூற்றாண்டாக ஊரெல்லாம் தேய்ந்து பரவிய ஒரு பொருளின் நஞ்சு எப்படி இத்தனை காலம் கண்ணில் படவில்லை? யாரும் மறைத்துவைத்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அதைவிடச் சங்கடமான காரணம் இருக்கிறது. ஒரு வேதிப்பொருள் நீர்வாழ் உயிர்களுக்குக் கெடுதலா என்று சோதிக்க ஆய்வுக்கூடங்கள் சில மீன்களையே வைத்திருக்கின்றன. தொட்டியில் எளிதில் வளர்பவை, வேகமாகப் பெருகுபவை. கங்கைச் சமவெளியின் ஓடைகளைத் தாயகமாகக் கொண்ட ஜீப்ரா மீன் அவற்றில் ஒன்று. ஜப்பானிய வயல்களின் மெடகா இன்னொன்று. கோஹோ சாகும் அளவில் இந்த இரண்டும் சாவதில்லை. இந்த மீன்களை மட்டும் கேட்டிருந்தால் டயர் நிரபராதி.

உறவுமுறையை வைத்தும் கணிக்க முடியாது. கனடாவின் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தில் 2022இல் நடந்த ஆய்வு இதற்கு நல்ல சான்று. புரூக் டிரவுட்டும் ஆர்க்டிக் சாரும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. புரூக் டிரவுட்டில் பாதியைக் கொல்ல லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம்கூட வேண்டியிருக்கவில்லை. ஆர்க்டிக் சார் பதினான்கு மைக்ரோகிராமிலும் உயிரோடு இருந்தது. அண்ணன் சாகிறான், தம்பிக்குத் தும்மல்கூட இல்லை. கோஹோவின் உடலில் என்ன நடக்கிறது என்று பார்த்தவர்கள், இரத்த நாளங்கள் கசிந்து, மூளையை இரத்தத்திலிருந்து காக்கும் தடுப்பு குலைவதைக் கண்டார்கள்.

எனவே ஒரு பொருளைப் ‘பாதுகாப்பானது’ என்று முத்திரை குத்தும்போது, யாருக்குப் பாதுகாப்பானது என்ற கேள்வியைச் சேர்த்தே கேட்க வேண்டும். விற்கும் பொருளைச் சோதித்தால் மட்டும் போதாது. அது வெயிலிலும் காற்றிலும் மழையிலும் என்னவாக மாறுகிறது என்பதையும் சோதிக்க வேண்டும். தயாரிப்பவரே தன் செலவில், சந்தைக்கு வருமுன் செய்ய வேண்டிய சோதனை இது. இப்போதோ அந்தச் செலவைப் பொதுப்பணத்தில் இயங்கும் பல்கலைக்கழகங்களும் மீன்வள ஆய்வு மையங்களும் செய்கின்றன. செத்து மிதக்கும் மீன்களும் செய்கின்றன.

ஓடை என்பது கரையோடு முடிந்துவிடும் ஒன்றல்ல என்பதை ஜப்பானில் ஷிகேரு நகானோ என்ற ஆய்வாளர் முன்பே காட்டியிருந்தார். ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் காட்டிலுள்ள ஹொரோனாய் ஓடையின் மேல் அவர் பசுமைக்குடில்போல வலைக்கூரை போட்டார். மரத்திலிருந்து விழும் பூச்சி ஓடைக்குள் வராமல் தடுத்தால் மீன் என்ன செய்யும் என்பது கேள்வி. மேலே இருந்து தீனி நின்றதும் மீன் அடித்தரையைத் துழாவி அங்கிருந்த சிற்றுயிர்களைத் தின்றது. அவை குறைந்தன. அவை மேய்ந்துவந்த பாசி பெருகியது. ஒரு வலைக்கூரை ஓடையின் அடிக்கல்வரை கணக்கை மாற்றிவிட்டது. இலையுதிர்காடு சூழ்ந்த அந்த ஓடையின் மீன்கள் ஓராண்டில் பெறும் ஆற்றலில் 44 விழுக்காடு நிலத்துப் பூச்சிகளிலிருந்து வருவதாக அவரும் மசாஷி முரகாமியும் கணக்கிட்டார்கள். 2001இல் அந்தக் கட்டுரை வெளிவந்தபோது நகானோ உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டு கலிஃபோர்னியா வளைகுடாவில் நடந்த படகு விபத்தில் 37 வயதில் இறந்துபோனார். நிலம் மீனுக்கு இவ்வளவு ஊட்டுகிறது என்றால், நிலத்தில் கொட்டும் நஞ்சும் அதே வழியில் வந்து சேரும். லாங்ஃபெல்லோவைச் சீரமைத்தவர்கள் கரைக்குள்ளேயே பார்த்தார்கள். சாலையைப் பார்க்கவில்லை. கல்லும் கட்டையும் போட்டு அவர்கள் அமைத்த இடம், மீனை நம்பவைத்துக் கூப்பிட்ட பொறியாகவே ஆனது.

காலமும் மீனுக்கு எதிராகவே அமைந்தது. கோடை முழுக்கச் சாலையில் படிந்த டயர்த் தூளை இலையுதிர்காலத்தின் முதல் பெருமழை கழுவிக்கொண்டு வருகிறது. அதே மழைதான் கடலோரம் காத்திருக்கும் கோஹோவுக்கு ஓடையேறச் சொல்லும் அழைப்பு.

டயர்க்காரர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. 6பிபிடி இல்லாத டயர் சீக்கிரம் கீறும். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது வெடிக்கலாம். மீனுக்காக மனிதரைச் சாகவிட முடியுமா என்ற கேள்வி எளிதில் தள்ளக்கூடியதல்ல. அவசரத்தில் அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு பொருளைச் சேர்த்தால் அதுவும் ஓசோனோடு கூடி இன்னொரு குயினோனாகலாம். ஆனால் இந்த வாதத்தைக் காலவரம்பில்லாத அனுமதியாக்கிக்கொள்ள விடக் கூடாது. கலிஃபோர்னியா 2023 அக்டோபரில் 6பிபிடி சேர்ந்த டயரை முன்னுரிமைப் பட்டியலில் வைத்து, மாற்று என்ன இருக்கிறது என்று ஆராய்ந்து அறிக்கை தருமாறு தயாரிப்பாளர்களைப் பணித்தது. தடையும் இல்லை, விட்டுவிடவும் இல்லை. கேள்வி கேட்டது, கெடு வைத்தது. தயாரிப்பாளர்கள் பலரும் கூடி மாற்றைத் தேட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

நாடு தழுவிய நடவடிக்கைக்குத் தள்ளியவர்கள் யார் என்பதும் கவனிக்க வேண்டியது. யூரோக், போர்ட் கேம்பிள் ஸ்க்லாலம், புயாலப் ஆகிய மூன்று பழங்குடி அரசுகள் 2023இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடம் மனுக் கொடுத்தன. அந்த ஆண்டு நவம்பரில் முகமை மனுவை ஏற்றது. வாஷிங்டன் மாநிலப் பழங்குடிகளுக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டு உடன்படிக்கைகளின்படி, பிடிக்கத்தக்க மீனில் பாதிக்கு உரிமை உண்டு என்று நீதிபதி ஜார்ஜ் போல்ட் 1974இல் தீர்ப்பளித்திருக்கிறார். ஓடையில் மீனே இல்லாமல் போனால் அந்தப் பாதிக்கு என்ன மதிப்பு? மீனை நம்பி வாழ்பவர்களுக்குச் சட்டத்தில் இடமிருந்ததால்தான் ஆய்வுக்கட்டுரை அலமாரியில் உறங்காமல் அரசின் மேசைவரை நடந்தது. இந்தப் பாதையில் மற்ற நாடுகள் கற்க வேண்டியது நிறைய.

மின்வாகனம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் புகைக்குழாய் இல்லை. நான்கு டயர் உண்டு. பேட்டரியின் எடையால் அந்த டயர் வேகமாகவே தேய்கிறது.

இந்தக் கதைக்கும் தமிழ்நாட்டுக்கும் சம்பந்தம் உண்டா? கோஹோ இங்கே இல்லை. வெள்ளைக்காரர்கள் தூண்டில் போட்டுப் பொழுதுபோக்க நீலகிரியில் கொண்டுவந்து விட்ட ரெயின்போ டிரவுட் இருக்கிறது. அது கோஹோவின் பேரினத்தைச் சேர்ந்தது, இந்த நஞ்சுக்குச் சாகும் இனங்களில் ஒன்று. வந்தேறி மீன், உள்ளூர் உயிர்களைத் தின்பது. அதற்காகக் கண்ணீர் விட வேண்டியதில்லை. கவலைப்பட வேண்டியது மாயாற்றில் எஞ்சியிருக்கும் திமில் முதுகு மஹசீரைப் பற்றி. காவிரிப் படுகைக்கே உரிய அந்தப் பெருமீனை உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2018இல் மிக மோசமான அபாய நிலையில் உள்ளதாகப் பட்டியலிட்டது. மஹசீரும் ஜீப்ரா மீனும் கெண்டை வகையறா, ஆகவே அஞ்ச வேண்டாம் என்று யாராவது சொன்னால், புரூக் டிரவுட்டையும் ஆர்க்டிக் சாரையும் அவருக்கு நினைவூட்ட வேண்டும். மாயாற்று மீனிடமே கேட்டால்தான் மாயாற்று மீனைப் பற்றித் தெரியும்.

அதற்கு ஆற்றில் இறங்கி, பருவந்தோறும், ஆண்டுக்கணக்கில் மீன் எண்ணும் ஆட்கள் வேண்டும். பாலம் கட்டவும் கரைக்குக் கல் பதிக்கவும் கிடைக்கும் நிதியில் சிறு துளி போதும். லாங்ஃபெல்லோவில் செத்த மீனின் வயிற்றைக் கீறி முட்டை இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துவைத்தவர்கள் இல்லையென்றால், டகோமாவின் விலையுயர்ந்த கருவிகளுக்குத் தேடுவதற்கு எதுவும் கிடைத்திருக்காது. மீனியல் படித்த இளைஞர்கள் நம் ஊரில் குறைவில்லை; அவர்களை இறால் பண்ணைக்கும் தீவன வியாபாரத்துக்கும் அனுப்பிவிட்டு ஆறுகளைக் கவனிப்பாரின்றி விட்டிருக்கிறோம்.

உள்ளாட்சிகளும் இப்போதே ஒன்று செய்யலாம். நம் நகரங்களின் மழைநீர் வடிகால்கள் சாலை நீரைக் கான்கிரீட் வழியாக நேராக ஆற்றிலும் ஏரியிலும் கொண்டுபோய்க் கொட்டுகின்றன. வெள்ளம் வடிந்தால் போதும் என்பது மட்டுமே கணக்கு. வடிகால் முடியும் இடத்தில் மணலும் மட்கும் கலந்த படுகை அமைத்து, பருவத்தின் முதல் மழை நீரையாவது அதன் வழியே விட்டால், சியாட்டிலில் மீனைக் காப்பாற்றிய அதே வேலையை இங்கும் அது செய்யும். நீர் நிலத்தில் இறங்குவது உபரி லாபம். பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.

கடைசியாக டயர். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், தேர்வாய்க்கண்டிகை எனச் சென்னையைச் சுற்றியே டயர் ஆலைகள் பல. இந்தியாவிலிருந்து போகும் டயர்களுக்கு அமெரிக்கா பெரிய சந்தைகளுள் ஒன்று. கலிஃபோர்னியாவின் கெடுவுக்குப் பணிந்து 6பிபிடி இல்லாத டயர் ஒருநாள் வரத்தான் போகிறது. அது ஏற்றுமதிக்கு மட்டும், உள்நாட்டுக்குப் பழைய டயர் என்றாகிவிடக் கூடாது. எந்தத் தேதியில் அங்கே விற்பனைக்குப் போகிறதோ அதே தேதியில் இங்கும் வர வேண்டும் என்ற விதியை மத்திய அரசு இப்போதே எழுதிவைக்க வேண்டும். தமிழ்நாட்டு உறுப்பினர்கள் அதை நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும்.